பழுது பார்ப்பதா, விற்றுவிட்டுப் போவதா? மதுரையில் பழைய வீடு வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுவரைச் சுரண்டும்போதுதான் பல வீடுகளில் இந்தப் பேச்சு கிளம்புகிறது. அடிச்சுவரில் உப்பு பூத்திருக்கும், மொட்டைமாடியில் பதித்த தட்டு ஓடு பெயர்ந்திருக்கும், மகனுக்குக் கல்யாணமாகி ரூம் போதாமல் இருக்கும். "இதையே சரி பண்ணிக்கலாமா, இல்ல வித்துட்டு ஐயர் பங்களா ஏரியாப் பக்கம் போயிருவமா?" என்று ஆரம்பித்து, அடுத்த மாசமே ஏதோ ஒரு பக்கம் அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள். புதிதாக இறங்குகிறவர்கள் எல்லாரும் விழுவது அதே பழைய குழிகளில்தான்.

மூன்று பேரிடம் விலை கேள், பணத்தை மொத்தமாகக் கொடுக்காதே, கையில் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அவற்றை விட்டுவிடலாம்.

பூச்சை உரிக்காமல் எஸ்டிமேட் வாங்குவது

எத்தனை தடவை பார்த்தாலும் எரிச்சல் தருவது இதுதான். கொத்தனார் வருவார். வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பார், சுவரை இரண்டு தட்டு தட்டுவார். "பூச்சு வேலையும் டைல்ஸும் தான்ணே, ரெண்டு மாசத்துல முடிச்சிரலாம்" என்று சதுர அடிக்கு ஒரு ரேட் சொல்வார். அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு புது வீட்டு விலையோடு ஒப்பிட்டு, பழுது பார்ப்பதே மலிவு என்று வீட்டார் முடிவெடுப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். தளத்தைக் கொத்தும் அன்றைக்குத்தான் உத்திரத்தின் முனை மாவாக உதிரும். அதற்குள் டைல்ஸ் வந்து இறங்கியிருக்கும், சமையலறை அலமாரிக்கு அளவெடுத்து அட்வான்ஸும் போயிருக்கும். அதன்பின் விற்றுவிட்டுப் போகலாம் என்று நினைத்தாலும் மனசு வராது.

மாசி வீதிகள், சிம்மக்கல், தெற்குவாசல் பக்கம் உள்ள பழைய வீடுகளில் பாதிக்கு மேல் மெட்ராஸ் டெரஸ் தளம் இருந்தால் ஆச்சரியமில்லை. தேக்கு உத்திரங்களை வரிசையாகப் போட்டு, சிறு செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பைக் கட்டையால் அடித்து இறுக்கி, அதற்கும் மேலே தட்டோடு பதித்த தளம். நடுவில் உத்திரம் இரும்பு மாதிரி இருக்கும். கெடுவது சுவருக்குள் புதைந்திருக்கும் இரண்டு முனைகள். மழைத்தண்ணீர் சுவரோரமாக இறங்கி அங்கேதான் தங்கும், கரையானும் அங்கேதான் ஏறும். கீழே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஆகவே ரேட் கேட்பதற்கு முன் ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், ஒரு நாள் கூலி என்று ஒதுக்கி வீட்டைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு ரூமிலும் இரண்டு உத்திரத்தின் முனையைச் சுற்றி அரை அடிக்குப் பூச்சை எடுத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்த வேண்டும். கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்த முனை போய்விட்டது. மொட்டைமாடித் தண்ணீர் வடியும் குழாய்க்குக் கீழே இருக்கிற உத்திரத்தை முதலில் பாருங்கள், கெட்டுப்போனது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

சுவரில் நான்கு இடத்தில், தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குள், ஒரு சதுர அடி பூச்சை உரிக்கவும். உள்ளே சுண்ணாம்புச் சாந்தும் மேலே சிமெண்ட் பூச்சும் இருந்தால் யாரோ ஏற்கெனவே ஒரு தடவை ஈரத்தை மறைத்திருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து உறிஞ்சிய ஈரத்தை மேற்பரப்பு வழியாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறும். மூன்றடியில் நின்ற உப்புக்கோடு ஐந்தடிக்குப் போவது இப்படித்தான். இதற்கு மேல் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிப்பது வீண் செலவு. சிமெண்டைக் கொத்தி எடுத்து, சுவரைக் காயவிட்டு, மறுபடி சுண்ணாம்புப் பூச்சு பூச வேண்டும். அது தெரிந்த ஆள் இப்போது குறைவு, கூலியும் அதிகம். எஸ்டிமேட்டில் அந்தக் கூலியைப் போட்டுக் கணக்குப் பார்க்கவும்.

வெளி மூலையில் இரண்டரை அடி அகலத்துக்குக் குழி தோண்டி, கடைக்காலின், அதாவது அஸ்திவாரத்தின், அடி தெரியும்வரை போகவும். எவ்வளவு ஆழம், கீழே படிப்படியாக அகலமாகிறதா, கல்லா செங்கல்லா, அடியில் என்ன மண் என்று பார்த்துப் போட்டோ எடுத்துவிட்டு அன்றைக்கே மூடிவிடலாம். மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால் இந்தப் போட்டோ இல்லாமல் எந்த இன்ஜினீயரும் உருப்படியான பதில் சொல்ல முடியாது.

காங்கிரீட் தளம் போட்ட, முப்பது நாற்பது வருஷ வீடாக இருந்தால் சுத்தியல் போதும். தளத்தின் அடிப்பக்கத்தை ஓரடிக்கு ஓரடி தட்டிக்கொண்டே போனால், கம்பி துருப்பிடித்து காங்கிரீட்டைத் தள்ளியிருக்கும் இடத்தில் சத்தம் பொள்ளலாகக் கேட்கும். சாக்பீஸால் வட்டம் போடுங்கள். வட்டங்கள் பாத்ரூமுக்கு அடியில் மட்டும் இருந்தால் அது குழாய்க் கசிவு. அந்த இடத்தைக் கம்பிக்குப் பின்னால் வரை கொத்தி, துருவை நீக்கி, மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டிச் சரிசெய்யலாம். வீடு முழுக்க வட்டமாக இருந்தால், கட்டும்போதே உப்புத்தண்ணீர் ஊற்றிக் கலந்த தளமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு இடத்தில் ஒட்டுப்போட்டால் அதற்குப் பக்கத்து இடம் பெயரும்.

மெட்ராஸ் டெரஸ் ஒழுகுகிறது என்று மேலே இரண்டு அங்குலத்துக்கு சிமெண்ட் ஜல்லி போட்டு, கூலிங் டைல்ஸும் ஒட்டுகிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு ரூமுக்கு அந்த இரண்டு அங்குல காங்கிரீட் மட்டும் ஒன்றேகால் டன்னுக்கு மேல் வரும், டைல்ஸ் தனி. முனை உளுத்த உத்திரத்தின் தலையில் இதை ஏற்றுகிற வேலைக்கு ரிப்பேர் என்று பெயர்.

திறந்து பார்த்தபின் கணக்கு ஓரளவு தானாகவே தெளியும். ஒன்றிரண்டு ரூமில்தான் உத்திரம் கெட்டிருக்கிறது, கடைக்கால் நன்றாக இருக்கிறது என்றால் பழுது பார்க்கலாம். தளமும் கடைக்காலும் சேர்ந்தே போயிருந்தால் பழுது பார்ப்பது என்ற யோசனையையே எடுத்துவிடுங்கள். இடித்துக் கட்டுவதையும் வேறு வீடு போவதையும் மட்டும் ஒப்பிடவும். இடித்துக் கட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய வீடு மனையின் நான்கு எல்லையையும் தொட்டு நிற்கும். புதுப் பிளானுக்கு இன்றைய விதிப்படி இடம் விடவேண்டி வரலாம். உங்கள் தெரு தொடர் கட்டிடப் பகுதியில் (வீடுகளைச் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்ட விடும் பகுதி) வருகிறதா என்று மாநகராட்சியில் கேட்டுவிட்டு, மிஞ்சும் இடத்தை அளந்து பார்த்தபின் ஆசைப்படலாம்.

ரோடு ஏறியதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

முன்பு மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம் என்றால், தரையை இரண்டடி உயர்த்தினால் சரியாகிவிடும் என்பார்கள். ஏழடி வாசல்நிலை ஐந்தடியாகும், குனிந்துதான் போக வேண்டும். ஆக எல்லா நிலையையும், அதன் மேலே சுவரைத் தாங்கும் லிண்டலையும் தூக்க வேண்டும். மூன்றடி உயரத்தில் இருந்த ஜன்னல் ஓரடிக்கு வந்துவிடும். சுவிட்ச் போர்டு, கக்கூஸ் குழாய் மட்டம் எல்லாமே மாறும். 600 சதுர அடிக்கு இரண்டடி நிரப்ப 12 யூனிட் (யூனிட் என்பது 100 கன அடி) மண், தண்ணீர் விட்டு இறுக்கினால் இன்னும் இரண்டு மூன்று யூனிட் கேட்கும். பத்தடி உயரத் தளம் எட்டடியாகிவிடும், மதுரை வெயிலில் அதற்குள் படுக்க முடியாது.

ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்களே என்றால், அது நான்கு பக்கமும் தனியாக நிற்கும் வீட்டுக்கு. பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய வீட்டை அப்படித் தூக்க வழியில்லை.

விரிசலைக் கோடையில் மட்டும் பார்ப்பது

திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கம் கரிசல் மண். பங்குனி முதல் வைகாசி வரை மண் சுருங்கிச் சுவர் வாய் பிளக்கும், ஐப்பசி மழையில் மண் உப்பி அதே விரிசல் மூடிக்கொள்ளும். கோடையில் பார்த்தவர் வீடு போச்சு என்று அடிமாட்டு விலைக்கு விற்பார். கார்த்திகையில் பார்த்தவர் ஒன்றுமில்லை என்று வாங்குவார். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு பக்கமும் ஒட்டித் தேதி எழுதி வையுங்கள், விரிசல் அசைந்தால் அது உடையும். பக்கத்தில் பென்சிலால் இரண்டு புள்ளி வைத்து இடைவெளியை அளந்து குறிக்கவும். ஒரு கோடையும் ஒரு மழையும் கடக்கட்டும். இடைவெளி கூடிக் குறைந்து பழைய அளவுக்கே வந்தால் அது மண்ணின் வேலை. கூடிக்கொண்டே போனால் கடைக்கால் இறங்குகிறது.

கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர்

மீனாட்சி அம்மன் கோயிலிலிருந்து 1 கி.மீ.க்குள் கட்டிட உயரம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது. கீழ்வீடும் ஒரு மாடியும் தாராளமாக வரும், இரண்டாவது மாடி எடுத்தால் இந்த வரம்பில் முட்டும். "பின்னால மாடி மேல மாடி எடுத்துக்கலாம்" என்ற நம்பிக்கையில் அங்கே பழைய வீட்டைத் தக்கவைக்க வேண்டாம்.

வாஸ்துவுக்காகச் சுவரை நகர்த்துவது

சுண்ணாம்புச் சுவர் வீட்டில் அநேகமாக எல்லாச் சுவரும் பாரம் தாங்குகிற சுவர். தொடாதீர்கள்.

விற்கப்போகிற வீட்டுக்கு டைல்ஸ் போடுவது

மாசி வீதியில் வாங்குகிறவர் மனைக்கு விலை தருகிறார். டைல்ஸுக்குத் தர மாட்டார்.

பாகம் பிரியாத வீட்டில் பணத்தைக் கொட்டுவது

அப்பா பேரில் இருக்கிற வீட்டில் மூத்தவர் பதினைந்து லட்சம் போட்டுச் சரிசெய்வார். பாகப்பிரிவினை என்று வரும்போது தம்பியும் தங்கையும் மொத்த வீட்டுக்கும் பங்கு கேட்பார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான பங்கு. போட்ட பணத்தைத் தனியாகக் கழித்துத் தருவது அவர்கள் மனசைப் பொறுத்தது. முதலில், மற்றவர்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ பாகப்பிரிவினைப் பத்திரமோ பதிவாகட்டும், பட்டா பெயர் மாறட்டும், பிறகு முதல் மூட்டை சிமெண்ட் இறங்கினால் போதும். குடும்பத்துக்குள் எழுதும் இந்தப் பத்திரங்களுக்குக் கட்டணத்தில் உச்சவரம்பு இருப்பதால், கிரயப் பத்திரத்தோடு பார்த்தால் செலவு சொற்பம்.

புது வீட்டின் விலையை மட்டும் வைத்து ஒப்பிடுவது

தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்கு வாங்கினால் 5 லட்சத்து 40 ஆயிரம் அங்கேயே போகும். இது அரசின் வழிகாட்டி மதிப்பு, பத்திர மதிப்பு இரண்டில் எது கூடவோ அதன் மேல். புரோக்கர் கமிஷன், வங்கிச் செலவு தனி. பழைய வீட்டை விற்ற லாபத்துக்கு வரி உண்டு. இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்று வருஷத்துக்குள் கட்டினாலோ விலக்குக் கேட்கலாம். 2001க்கு முன் வாங்கிய வீடென்றால் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்கவிலையாக எடுக்கலாம் என்பதால், விற்பதற்கு முன் ஆடிட்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

இன்னொரு கோளாறும் உண்டு. பழைய வீட்டுக்குப் போடும் கணக்கில் அலமாரி, பால்ஸ் சீலிங் எல்லாம் சேர்த்திருப்பார்கள். புது வீட்டை வெறும் சுவரோடு, விளம்பரத்தில் சொன்ன விலைக்கு எழுதியிருப்பார்கள். அங்கேயும் கிரில், அலமாரி, கொசுவலை, சில இடங்களில் போர்வெல் கூட உங்கள் செலவுதான். இரண்டு பக்கத்திலும் ஆசைச் செலவை அடித்துவிட்டு அவசியச் செலவை மட்டும் ஒப்பிடவும்.

குடியிருந்துகொண்டே வேலை பார்ப்பது

தளத்தில் கை வைப்பதாக இருந்தால் கூடாது. ஆறு மாத வாடகையை எஸ்டிமேட்டில் எழுதுங்கள்.

மழை பார்க்காமல் மனை பார்ப்பது

வெளியே போகிறவர்கள் சித்திரை வெயிலில் போய் மனை பார்த்து முன்பணம் கொடுப்பார்கள். மதுரையைச் சுற்றிப் பல நகர்கள் கண்மாய்ப் பாசன வயலில் எழுந்தவை. தண்ணீருக்குப் பழைய வழி மறக்காது. 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பகுதித் தெருக்களுக்குள் வெள்ளம் வந்ததை ஊரே பார்த்தது. கிராம வரைபடத்தை எடுத்து, மனையின் சர்வே எண்ணைச் சுற்றி ஓடை, வாய்க்கால், கண்மாய்க்கரை எங்கே வருகிறது என்று பாருங்கள். பக்கத்து வீட்டு மதில்சுவரில் தண்ணீர் நின்ற கறை எத்தனை அங்குலம் என்று அளக்கவும். வெள்ளை அடித்து மறைத்திருந்தால் இபி மீட்டர்ப் பெட்டியைப் பாருங்கள், மற்ற தெருக்களை விட உயரத்தில் மாட்டியிருந்தால் காரணத்தைக் கேளுங்கள். போர்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்து டிடிஎஸ் (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு) பார்க்க வேண்டும். 2000ஐத் தாண்டினால் குடிக்க மட்டுமில்லை, குளிக்கவும் லாரித் தண்ணீரை எதிர்பார்க்க வேண்டியிருக்கும். அந்த மாதாந்திரச் செலவையும் புது வீட்டுக் கணக்கில் எழுதவும்.