ஜெர்மனியில் எனக்கு வந்து சேராத கடிதங்கள்

மேற்படிப்புக்காக ஜெர்மனியின் ஆஹன் நகருக்குச் சென்ற தொடக்க வாரங்களில், வங்கி அட்டையும் அதன் ரகசிய எண்ணும் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் வந்து சேராமல் பெரிதும் தவித்தேன். படிப்புக்காலச் செலவுக்குப் பணம் உண்டு என்று காட்ட விசாவுக்காகத் தனிக் கணக்கில் முடக்கி வைத்திருந்த பணத்திலிருந்து மாதந்தோறும் 992 யூரோ நடப்புக் கணக்குக்கு வந்தும், அட்டையின்றி அதை எடுக்க இயலவில்லை.

அந்நாட்டு அடுக்ககங்களின் முகவரியில் பெரும்பாலும் வீட்டு எண் இருப்பதில்லை. தெருவும் கட்டட எண்ணும் மட்டுமே இருப்பதால், அஞ்சல்காரர் பெட்டியில் ஒட்டியுள்ள பெயரைப் பார்த்தே கடிதத்தைப் போடுகிறார், பெயர் இல்லையெனில் அனுப்பியவருக்கே திருப்பிவிடுகிறார். நான் உள்வாடகைக்கு இருந்த வீட்டின் பெட்டியில் முதன்மை வாடகைதாரரின் பெயர் மட்டுமே இருந்ததைப் பக்கத்து அறை மாணவி சுட்டிக்காட்டிய பிறகே காரணம் விளங்கியது.

வாடகைதாரரின் இசைவுடன் என் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டினேன். நம்மில் பலருக்குத் தந்தையின் பெயரே அங்கே குடும்பப் பெயராகிக் கடிதங்களில் வருவதால், இரண்டு பெயர்களையும் எழுதுவது மிக முக்கியம். பின்னர் வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதி மீண்டும் அனுப்பச் சொன்னேன். அட்டைகள் ஒழுங்காக வந்தன. குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் செய்ய வேண்டிய முகவரிப் பதிவுக்குப் பின், வரி அடையாள எண்ணும் கடிதமாகவே வரும். ஆகவே சாவியை வாங்கும் நாளிலேயே பெயரை ஒட்டிவிடுங்கள்.