குடல் ஆர்கனாய்டின் மேல்முகத்தை வெளியே கொண்டுவரும் முறை

குடல் சுவரின் ஒவ்வொரு எபிதீலிய (மேலுறை) செல்லுக்கும் உணவையும் கிருமியையும் எதிர்கொள்ளும் மேல்முகம் ஒன்றும், இரத்தத்தின் பக்கம் இருக்கும் அடிமுகம் ஒன்றும் உண்டு. இந்த வேறுபாட்டையே செல்லின் முனைவுத்தன்மை என்கிறோம். மாட்ரிஜெல் என்ற புரத ஜெல்லில் வளரும் ஆர்கனாய்டில் (தண்டுச்செல்களிலிருந்து வளர்க்கும் நுண்ணிய குடல் மாதிரியில்) மேல்முகம் உள்ளே மூடிக் கிடப்பதால், வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கும் சால்மோனெல்லா பாக்டீரியா முதலில் அடிமுகத்தையே தொடுகிறது; உடலில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட முறை இக்குறையை எளிதாகத் தீர்க்கிறது.

நன்கு வளர்ந்த ஆர்கனாய்டுகளை ஜெல்லோடு எடுத்து, 5 மில்லிமோலார் ஈடிடிஏ கலந்த குளிர்ந்த பிபிஎஸ் (உப்புத் தாங்கல்) கரைசலில் இட்டு, 4 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் மெதுவாகச் சுழலவிடுங்கள். ஈடிடிஏ கால்சியத்தைப் பிணைத்துக்கொள்வதால், செல்பரப்புப் புரதங்களை வெட்டும் நொதிகள் இல்லாமலேயே ஜெல் கரைந்துவிடும். இந்தப் படியில் அவசரம் கூடாது: அடிமுகத்திலுள்ள பீட்டா-1 இன்டெக்ரின் என்ற ஒட்டும் புரதம் ஜெல்லைப் பற்றியிருக்கும் வரை செல் தன் திசையை மாற்றாது என்பதால், ஒட்டியிருக்கும் சிறு எச்சமும் மாற்றத்தைத் தடுக்கும். ஆர்கனாய்டுகள் உடையாமலும் ஒட்டாமலும் இருக்க, பிப்பெட் முனைகளை அல்புமின் கரைசலால் முன்பே நனைத்துக்கொள்வது நல்லது.

பிறகு அவற்றைக் குறைந்த வேகத்தில் படியவைத்து, புதிய ஊடகத்தில் கலந்து, செல் ஒட்டாத தட்டில் 37 டிகிரியில் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடுடன் வளர்த்தால், ஓரிரு நாள்களில் பல ஆர்கனாய்டுகள் மேல்முகம் வெளியே வரும்படி திரும்பத் தொடங்கும். மூன்றாம் நாளுக்குள் பெரும்பாலானவை திரும்பியிருக்கும்.

வெறும் தோற்றத்தை நம்பிச் சோதனையைத் தொடங்கவே கூடாது. ஃபலாய்டின் சாயத்தால் மேல்முகத்தில் செறியும் ஆக்டின் புரதத்தையும், எதிர்ப்புரதங்களால் செல் இணைப்புப் புரதங்களான இசட்ஓ-1, பீட்டா-கேட்டனின் ஆகியவற்றையும் குறித்து, கான்ஃபோகல் நுண்ணோக்கியில் பாருங்கள். செறிந்த ஆக்டின் விளிம்பும் இசட்ஓ-1 வலைப்பின்னலும் வெளிப்புறத்தில் தெரிய வேண்டும். பீட்டா-கேட்டனின் செல்களின் பக்கங்களிலும் உட்புறத்திலும் இருக்க வேண்டும். பாதி திரும்பியவையும் கலந்திருக்கும் என்பதால், அவற்றை எண்ணிப் பதிவுசெய்யாமல் கிடைக்கும் தொற்று அளவுக்குப் பொருளில்லை. ஒளிரும் 4 கிலோடால்டன் டெக்ஸ்ட்ரான் (ஒரு சர்க்கரைச் சங்கிலி) செல்களுக்கிடையே கசிகிறதா என்பதையும் சோதித்தால் தடுப்புச்சுவரின் உறுதி தெரியும்.

ஒப்பீட்டுக்கு, அதே கொடையாளரின் திருப்பப்படாத ஆர்கனாய்டுகளையும் உடன் வையுங்கள். சால்மோனெல்லா மேல்முகத்தை நாடும். லிஸ்டீரியா பாக்டீரியாவோ அடிமுகப் பக்கத்திலுள்ள ஈ-கேட்ஹெரின் என்ற புரதத்தைப் பற்றி நுழைவதால், ஒரே தட்டில் இரு திசைகளையும் சோதிக்க இந்த இணை மிகவும் பொருத்தமானது. திரும்பிய ஆர்கனாய்டுகளில் செல் பெருக்கம் குறைந்து முதிர்ச்சி கூடுவதால், அடுத்த தலைமுறை வளர்ப்புக்கு ஜெல்லிலுள்ள இருப்பையே பயன்படுத்துங்கள்.