வைஃபை இருக்கு, நெட் வரலையா? சுவரிலிருந்து பாருங்கள்

பெங்களூரில் புதிதாக வீடு பிடிக்கும் நம்மவர்கள் தண்ணீரைப் பற்றி விசாரித்த கையோடு நெட் இணைப்பைத்தான் விசாரிக்கிறார்கள். இணைப்பு கொடுக்க வருபவர் மளமளவென்று வேலையை முடித்துக் கிளம்பிவிடுவார். அப்புறம் ஒருநாள் நெட் நின்று, கஸ்டமர் கேரில் "ஓஎன்டியில் எந்த லைட் எரியுது?" என்று கேட்டால் முழிக்கிறோம்.

போனில் வைஃபை கோடுகள் முழுசாகத் தெரிந்தால், போனும் ரவுட்டரும் (வீட்டுக்குள் வைஃபை தரும் பெட்டி) பேசிக்கொள்கின்றன என்றுதான் அர்த்தம். ரவுட்டருக்கு அப்பால் நெட் இருக்கிறதா என்பதை அந்தக் கோடுகள் சொல்லாது. அதனால் நெட் வீட்டுக்குள் வரும் வழியிலேயே ஒவ்வொரு சொல்லாகப் பழகுவோம்.

படி 1: ஓஎன்டி

தெருவிலிருந்து வரும் மெல்லிய ஃபைபர் வந்து சேரும் பெட்டி இது. ஒளியாக வரும் தகவலை மின் சிக்னலாக மாற்றுகிறது. 'பான்' விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தால் சரி. 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஒளியே வந்து சேரவில்லை. மழையில் மரக்கிளை விழுந்து வெளியே கேபிள் அறுந்திருக்கலாம், வீட்டுக்குள்ளேயே ஃபைபர் மடங்கியும் இருக்கலாம். மடங்கவில்லை என்றால் ரவுட்டரை நோண்டாமல் புகார் கொடுங்கள்.

படி 2: ரவுட்டர்

பல வீடுகளில் ஓஎன்டியும் ரவுட்டரும் ஒரே பெட்டி. தனித்தனி என்றால், ஓஎன்டியின் லேன் துளையிலிருந்து வரும் கேபிளை ரவுட்டரின் வேன் துளையில் செருகுங்கள். வேன் என்பது வெளி உலகப் பக்கம், லேன் என்பது வீட்டுப் பக்கம். டிவி, கம்ப்யூட்டர் எல்லாம் லேன் துளைகளுக்கு.

படி 3: ஐபி முகவரி

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. ஐபி என்பது நெட்டில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண். உங்கள் ரவுட்டரை ஒரு பிஜி விடுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே கட்டடத்துக்கு ஒரே கதவு எண், அது பப்ளிக் ஐபி. உள்ளே அறை எண்கள், அவை பிரைவேட் ஐபி. பெரும்பாலும் 192.168 என்று ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டிலும் இதே எண்கள் இருக்கலாம், குழப்பம் வராது. உள்ளிருந்து போகும் கோரிக்கைக்கு வரும் பதிலைச் சரியான கருவியிடம் சேர்ப்பது என்ஏடி. அறை எண்ணை ஒதுக்குவது டிஎச்சிபி.

போனின் வைஃபை செட்டிங்ஸில் இணைப்பின் பெயரைத் தட்டினால் இந்த எண்ணும், கேட்வே என்ற எண்ணும் தெரியும். கேட்வே என்பது உங்கள் ரவுட்டர்தான். கம்ப்யூட்டரில் ஐபி 169.254 என்று ஆரம்பித்தால், டிஎச்சிபியிடமிருந்து எண் கிடைக்கவில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று: பிரவுசரில் கேட்வே எண்ணைக் கொடுத்தால் திறக்கும் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் வேன் ஐபி 100.64 முதல் 100.127 வரைக்குள் ஆரம்பித்தால், உங்கள் நிறுவனம் ஒரே பப்ளிக் ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிர்கிறது. இதற்குச் சிஜிநாட் என்று பெயர். வீடியோ பார்க்க இதனால் சிக்கலில்லை. ஆனால் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக் கருவிக்குத் திருப்பிவிடும் ரவுட்டர் வசதி) வைத்து ஊரிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க நினைத்தால் நடக்காது.

படி 4: டிஎன்எஸ்

தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவை. கம்ப்யூட்டரின் கமாண்ட் பிராம்ப்ட்டில் 8.8.8.8 என்ற கூகுள் சர்வர் எண்ணுக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள். பதில் வருகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் மேல்தான் முதல் சந்தேகம். ரவுட்டரில் டிஎன்எஸ் எண்ணாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுத்துப் பாருங்கள்.

படி 5: வைஃபை

எஸ்எஸ்ஐடி என்பது வைஃபையின் பெயர். பாதுகாப்புக்கு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 தேர்ந்தெடுங்கள். ரவுட்டரின் செட்டிங்ஸுக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டு வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு, இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

வைஃபை அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரில் தேய்ந்துவிடும். ஸ்ரீராமபுரம் மாதிரி வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் இடங்களில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் 2.4-இல் நெருக்குகின்றன. ஒன்றன்மேல் ஒன்று விழாத சேனல்கள் (அலைவரிசையின் உட்பிரிவுகள்) அதில் 1, 6, 11 என மூன்றுதான். அங்கே அலுவலக வேலைக்கான லேப்டாப்பை 5-இல் போடுங்கள். முடிந்தால் லேன் கேபிளிலேயே இணைத்துவிடுங்கள், மீட்டிங் நடுவில் குரல் அறுபடுவது பெரிதும் குறையும்.