சாவி கொடுக்கும் பழைய டைம் சுவிட்ச்: சுத்தம் செய்து, எர்த் கொடுத்து, பாதுகாப்பாக ஓட வைப்பது

தெருவிளக்கு, கடை முகப்பு விளக்கு, மாடிப்படி விளக்கு ஆகியவற்றை நேரத்துக்கு ஏற்றி அணைக்க இங்கிலாந்தில் செய்யப்பட்ட டைம் சுவிட்சுகள் இன்றும் பழைய பொருள் விற்பவர்களிடம் கிடைக்கின்றன. பாத் நகரின் ஹார்ஸ்ட்மன், நியூ மால்டனின் வென்னர், என்ஃபீல்டின் சங்கமோ வெஸ்டன் ஆகியவை இவற்றில் அதிகம் தென்படும் பெயர்கள். 24 மணி நேரத்தில் ஒரு சுற்று வரும் டயல், அதில் நகர்த்தி இறுக்கக்கூடிய ஆன், ஆஃப் கைகள், அவை தட்டியதும் ‘டக்’ என்று மாறும் காண்டாக்ட் (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் உலோக முனைகள்). அமைப்பு இவ்வளவுதான்.

வாங்கியதும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே செம்புக் கம்பிச் சுருள் இருந்தால் அது மோட்டார் வகை. சாவி நுழையும் சதுரத் தண்டும், முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் வீலும் மட்டும் இருந்தால் முழுக்க ஸ்பிரிங்கில் ஓடும் வகை. இந்த விளக்கம் இரண்டாவது வகைக்கு.

கண்ணாடிக் குழாயில் வெள்ளி நிறத் திரவம் தெரிந்தால் அது பாதரச சுவிட்ச். காண்டாக்டுக்குப் பின்னால் நார்நாராகச் சாம்பல் நிற அட்டை இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். இந்த இரண்டில் எது இருந்தாலும் சுரண்டாமல், துளையிடாமல் மூடி வைத்துவிடுங்கள். முதல் முயற்சிக்கு வேறு சுவிட்ச் தேடுவது நல்லது.

முதலில் ஸ்பிரிங்கை அடக்குங்கள்

ஸ்பிரிங் இறுகியிருக்கும்போது எஸ்கேப்மென்ட்டை (பல்சக்கரங்களை ஒவ்வொரு பல்லாக மட்டும் நகரவிடும், பேலன்ஸ் வீலோடு சேர்ந்த பகுதி) கழற்றினால் பல்சக்கரங்கள் மொத்தமாகச் சுழன்று பற்களும் அச்சு முனைகளும் உடையும், விரலும் கிழியும். ஓடுகிற சுவிட்ச் என்றால் தானாக நிற்கும்வரை விட்டுவிடுங்கள். அழுக்கில் நின்றுபோனது என்றால் சாவியைப் போட்டு உறுதியாகப் பிடித்து, இறுக்கும் பக்கம் சற்றே திருப்பி, கிளிக் நாக்கை (ஸ்பிரிங் அவிழாமல் தடுக்கும் சின்னத் தகடு) தூக்கி, கைப்பிடி தளராமல் அரைச் சுற்று மட்டும் திரும்ப விடுங்கள். நாக்கை மறுபடி விழவிட்டு, பிடியை மாற்றி, மீண்டும் அரைச் சுற்று. ஸ்பிரிங் இருக்கும் டிரம்மைத் தொடக்கநிலையில் திறக்கவே வேண்டாம்.

சுத்தமும் எண்ணெயும்

ஓடாத சுவிட்சுகளில் பெரும்பாலானவற்றில் எதுவும் உடைந்திருக்காது. எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். மெஷினை (கடிகாரப் பகுதியை) வயர்கள் சேரும் டெர்மினல் பலகையிலிருந்து பிரித்தெடுங்கள். எஸ்கேப்மென்ட்டைத் தனியாகக் கழற்றி, லைட்டரில் ஊற்றும் நாப்தாவில் சில நிமிடம் அலசுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைக்காதீர்கள்: உள்ளே இருக்கும் சின்னக் கற்களைப் பிடித்திருப்பது அரக்கு, அதை ஆல்கஹால் கரைத்துவிடும். மற்றப் பித்தளைப் பாகங்களை மென்மையான தூரிகையால் தேய்க்கலாம். அச்சுத் துளைகளுக்குள் கூராகச் சீவிய மூங்கில் குச்சியை விட்டுத் திருகுங்கள். குச்சி கறுக்காமல் வெளியே வரும்வரை குச்சியை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். நாப்தா எளிதில் தீப்பற்றும் என்பதால் ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்போ தீப்பொறியோ இல்லாத இடத்தில் வேலை செய்யுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. கடிகாரத்துக்கென்று விற்கும் சிந்தெடிக் எண்ணெயை ஊசி முனையில் எடுத்து, அச்சுத் துளையைச் சுற்றியுள்ள சிறு குழி பாதி நிறையும் அளவுக்கு வையுங்கள். பல்சக்கரப் பற்களுக்கு எண்ணெய் கூடாது. தூசி சேர்ந்து அவற்றைத் தேய்க்கும். பேலன்ஸ் வீலோடு சேர்ந்த மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கில் ஒரு துளி பட்டாலும் அதன் சுற்றுகள் ஒட்டிக்கொண்டு கடிகாரம் வெகுவேகமாக ஓடும். துருநீக்கும் ஸ்பிரே ஆவியாகிப் பசையை மட்டும் விட்டுச் செல்லும். தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்தே போகும்.

காண்டாக்ட்

வெள்ளிக் காண்டாக்டுகளில் உப்புத்தாள் போடாதீர்கள். வெள்ளிப் பூச்சு போய்விடும். கெட்டியான அட்டைத் துண்டை ஐசோபுரொப்பைலில் நனைத்து, காண்டாக்டுகளுக்கு நடுவே வைத்து, லேசாக அழுத்தி இழுங்கள். பிறகு மல்டிமீட்டரில் பாருங்கள். மூடியிருக்கும்போது, மீட்டர் வயரின் தடையைக் கழித்த பின் 0.1 ஓம் அளவில் இருக்க வேண்டும். அசைத்தால் எண் மாறுகிறது என்றால் காண்டாக்டைத் தாங்கும் தகட்டின் அழுத்தம் போய்விட்டது. சூடேறி எரியப்போவது அந்த இடம்தான்.

எர்த்தும் இன்சுலேஷனும்: இங்கேதான் அவசரப்படக் கூடாது

230 வோல்ட் காண்டாக்டுக்கும் கடிகாரத்தின் பித்தளைச் சட்டத்துக்கும் நடுவே இருப்பது பல வருடம் பழகிய ஒரு துண்டு பேக்கலைட் (மின்சாரம் கடத்தாத பழைய வகைப் பிளாஸ்டிக்). அந்தச் சட்டத்தோடு இணைந்த தண்டில்தான் சாவியைப் போட்டு நீங்கள் கையால் திருப்புகிறீர்கள். பேக்கலைட் பழுதானால் ஃபேஸ் நேராகச் சாவிக்கு வரும். அதனால் வெளிப்பெட்டிக்கு மட்டும் எர்த் கொடுத்தால் போதாது. மெஷின் சட்டத்துக்கும் எர்த் சேர வேண்டும். பெட்டி பேக்கலைட்டாக இருந்தால் இது இன்னும் முக்கியம். பெயின்ட்டைச் சுரண்டி, பளிச்சென்ற உலோகத்தில் ரிங் லக் (வயர் முனையில் பொருத்தும் வளையம்), நட்சத்திர வாஷர், எம்4 போல்ட் போட்டு இறுக்குங்கள். பிளக்கின் எர்த் முனையிலிருந்து சாவித் தண்டு வரை அளந்தால் அரை ஓமுக்குள் இருக்க வேண்டும்.

அடுத்து 500 வோல்ட் மெக்கர், அதாவது இன்சுலேஷனை அளக்கும் மீட்டர். மெயினில் எதுவும் இணைக்காமல், ஒவ்வொரு டெர்மினலுக்கும் சட்டத்துக்கும் நடுவே அளவெடுங்கள். திறந்த காண்டாக்டின் இரு முனைகளுக்கு நடுவிலும் பாருங்கள். 1 மெகாஓம் என்பது வீட்டு வயரிங்குக்குச் சொல்லப்படும் கடைசி எல்லை. தனிக் கருவி அதைவிடப் பல மடங்கு காட்ட வேண்டும். 20 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் நாங்கள் மின்சாரம் கொடுப்பதில்லை. ஈரம் காரணமாக இருக்கலாம் என்பதால், மெஷினைக் கழற்றிவிட்டுப் பலகையை மட்டும் 50 டிகிரி வெப்பத்தில் சில மணி நேரம் உலர்த்தி மீண்டும் அளக்கலாம். பேக்கலைட்டில் கறுப்பாக எரிந்த கோடு இருந்தால் அது கரியாகிவிட்ட பாதை. துடைத்தால் போகாது, அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும்.

வயரிங்

ரப்பர் உறை போட்ட பழைய வயர்கள் தொட்டால் பொடியும், எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். புதிதாக 0.75 சதுர மி.மீ. மூன்று கோர் வயர் போதும். ஃபேஸ் மட்டும் காண்டாக்ட் வழியாகப் போக வேண்டும். நியூட்ரல் நேராக விளக்குக்கு. நியூட்ரலை சுவிட்ச் செய்தால் விளக்கு அணைந்த பிறகும் ஹோல்டரில் ஃபேஸ் இருக்கும். வயர் நுழையும் துளையில் வயரை இறுகப் பிடிக்கும் கிளாண்ட் போடுங்கள், வயர் முனையின் கம்பி இழைகள் பிரியாமல் இருக்க ஃபெரூல் என்ற சின்ன உலோகக் குழாயை அழுத்துங்கள்.

இங்கிலாந்துப் பிளக்கின் உள்ளேயே ஃபியூஸ் உண்டு. நம் ஊர் உருண்டை முனைப் பிளக்கில் கிடையாது. ஆகவே ஃபேஸில் 3 ஆம்பியர் ஃபியூஸ் ஹோல்டர் ஒன்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும். தகட்டில் 15 அல்லது 20 ஆம்பியர் என்று போட்டிருந்தாலும் அது புதிதாக இருந்தபோது சொன்ன கணக்கு. ஒன்றிரண்டு எல்இடி விளக்கோடு நிறுத்துங்கள். மோட்டாரை நேராக இணைக்கவே கூடாது. தேவைப்பட்டால் காண்டாக்டர் (அதிக மின்சாரத்தைத் தாங்கும் ரிலே) போட்டு, அதன் காயிலை மட்டும் இந்தச் சுவிட்ச் இயக்கட்டும். வீட்டின் நிரந்தர வயரிங்கில் சேர்ப்பது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனின் வேலை.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள லைனில், 60 வாட் குண்டு பல்பு போட்ட சீரிஸ் போர்டு (மின்சாரம் அந்தப் பல்பைத் தாண்டித்தான் போகும் பலகை) வழியாகக் கொடுங்கள். விளக்கை இன்னும் இணைக்காத நிலையில், காண்டாக்ட் திறந்தாலும் மூடினாலும் பல்பு எரியக் கூடாது. எரிந்தால் எங்கோ ஷார்ட். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தேடுங்கள்.

நேரம் வைப்பது

டயலை அம்புக்குறிப் பக்கமே திருப்புங்கள். எதிர்ப்பக்கம் திருப்பினால் டயலின் ஆன், ஆஃப் கைகள் வளையும். ஒரு வாரம் ஓடவிட்டு, எத்தனை நிமிடம் முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று பார்த்து ரெகுலேட்டரை (கடிகார வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னக் கை) மயிரிழை நகர்த்துங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் என்றால் விளக்குக்கு அது போதும்.

சிலவற்றில் சூரிய அஸ்தமனத்தைப் பின்தொடரும் சோலார் டயல் இருக்கும். அதை இயக்குவது இங்கிலாந்துக்காக வெட்டிய கேம், அதாவது நாளுக்கு நாள் நேரத்தை மாற்றும் வளைவான தகடு. லண்டனில் டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறையும். ஜூனில், கடிகாரத்தை முன்தள்ளிய கோடை நேரப்படி, இரவு 9.20 ஆகிவிடும். சென்னையில் வருடம் முழுவதும் வித்தியாசம் ஒரு மணி நேரத்தைச் சுற்றித்தான். கேமை அப்படியே ஓடவிட்டால் பாதி வருடம் விளக்கு தப்பான நேரத்தில் எரியும். முடிந்தால் அதன் இணைப்பைக் கழற்றி, ஆன் கையை மாலை 6 மணியில் நிலையாக இறுக்குங்கள்.

ஒரு மாதம் ஓடிய பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு டெர்மினல் திருகுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். புதிய செம்பு வயர் அழுத்தத்தில் சற்றுத் தளர்ந்திருக்கும்.