கணினிப் பொறியியலுக்கு எந்தப் பல்கலைக்கழகம்? பிள்ளையோடு சேர்ந்து முடிவெடுக்கும் முறை

பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கும் பிள்ளை, கணினிப் பொறியியல் படிக்க விரும்பி, மூன்று நான்கு பல்கலைக்கழகங்களின் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு எதில் சேர்வது என்று திகைத்து நிற்கும்போது வீட்டுப் பெரியவர்கள் செய்யக்கூடிய உதவியை இந்தக் கட்டுரை படிப்படியாக விளக்குகிறது. கணினித் துறையோடு தொடர்பே இல்லாத பெற்றோரையும் மனத்தில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். பெரும்பாலான வீடுகளில் பல்கலைக்கழகங்களின் பெயர்களை ஒப்பிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியவை அந்தத் துறையின் இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பாடத்திட்டமும் ஆய்வகங்களும்தான் என்பது என் கருத்து. கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் அதையொட்டியே அமைந்திருக்கின்றன.

படி 1: பிள்ளை விரும்புவது கணினிப் பொறியியல்தானா என்று உறுதி செய்யுங்கள்

கணினி அறிவியல், மென்பொருள் பொறியியல், கணினிப் பொறியியல் ஆகிய மூன்றும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தோன்றும். கணினி அறிவியலில் அல்காரிதம் (ஒரு கணக்கைத் தீர்க்கும் படிமுறை), தரவுக் கட்டமைப்பு (தரவை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறை), கணிப்புக் கோட்பாடு (கணினியால் எதைக் கணிக்க முடியும் என்ற ஆய்வு) ஆகியவற்றுக்கு முதலிடம். மென்பொருள் பொறியியல், பெரிய நிரல்களைப் பலர் சேர்ந்து எழுதிச் சோதித்து ஆண்டுக்கணக்கில் பராமரிக்கும் முறைகளைக் கற்பிக்கிறது. கணினிப் பொறியியலில் படிப்பவரோ மின்சுற்றையும் நிரலையும் சேர்த்தே கற்க வேண்டும்: சென்சார் தரும் மின்னழுத்தம் எண்ணாக மாறுவது எப்படி, அந்த எண்ணைச் செயலி கையாள்வது எப்படி, அதற்கான நிரலைச் சிறிய நினைவகத்துக்குள் அடக்குவது எப்படி என்பவை அதன் கேள்விகள்.

கணினித் துறையின் இரு பெரிய தொழில்முறை அமைப்புகளான ஏசிஎம், ஐஇஇஇ கணினிச் சங்கம் ஆகியவை சேர்ந்து 2016-இல் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்ட வழிகாட்டி, கணினிப் பொறியியலை 12 அறிவுப் பகுதிகளாகப் பிரிக்கிறது. மின்சுற்றும் மின்னணுவியலும், டிஜிட்டல் வடிவமைப்பு (0, 1 என்ற இரு நிலைகளில் இயங்கும் சுற்றுகளை அமைப்பது), கணினிக் கட்டமைப்பு (செயலியும் நினைவகமும் சேர்ந்து இயங்கும் அமைப்பு), எம்பெடட் சிஸ்டம் (சலவை இயந்திரம், கார் போன்ற கருவிகளுக்குள் பொதிந்த சிறு கணினி), சிக்னல் பிராசஸிங் (ஒலி, படம் போன்ற சிக்னல்களைக் கையாளுதல்), வலையமைப்பு, தகவல் பாதுகாப்பு, மென்பொருள் வடிவமைப்பு ஆகியவை அவற்றுள் சில. இந்தப் பட்டியலைப் பிள்ளையிடம் கொடுத்து, எவற்றைப் படிக்க ஆவல், எவை பற்றி ஒன்றுமே தெரியாது, எவற்றை நினைத்தாலே சலிப்பு என்று குறிக்கச் சொல்லுங்கள். மின்சுற்றும் சிக்னலும் மூன்றாவது வகையில் விழுந்தால், பிள்ளை தேடுவது அநேகமாகக் கணினி அறிவியலைத்தான். அதைக் கண்டுபிடிக்க இதுவே சரியான நேரம்.

பட்டியலைவிட நம்பகமான சோதனை ஒன்றும் உண்டு. அர்டுயினோ போன்ற சிறிய மைக்ரோகன்ட்ரோலர் (ஒரே சில்லில் அடங்கிய சிறு கணினி) பலகை ஒன்றை வாங்கியோ இரவல் பெற்றோ கொடுத்து, வெப்பநிலை சென்சாரின் அளவீட்டைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். அளவீடு நிலையாக நிற்காமல் குதிக்கும்போது, "ஏன் குதிக்கிறது?" என்று வயரையும் நிரலையும் மாறி மாறித் துருவுகிற பிள்ளைக்கு இந்தப் படிப்பு ஒத்துவரும். வயரை ஒதுக்கிவிட்டுத் திரையில் வரும் வரைபடத்தை அழகுபடுத்துவதிலேயே ஆர்வம் காட்டினால் அதுவும் நல்ல செய்திதான்; ஆனால் அது வேறு படிப்புக்கான அறிகுறி.

பட்டத்தின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் கணிதப் புலத்திலும், கணினிப் பொறியியல் பொறியியல் புலத்திலும் இருக்கின்றன. அமெரிக்காவின் எம்ஐடியில் மின் பொறியியலும் கணினி அறிவியலும் ஒரே துறையில் இருக்கின்றன. வேறு சில இடங்களில் கணினிப் பொறியியல் என்ற பெயரில் நடப்பது, ஒன்றிரண்டு மின்னணுப் பாடங்கள் சேர்த்த கணினி அறிவியலாகவே இருக்கும்.

படி 2: பணத்தைப் பற்றி முதலிலேயே பேசிவிடுங்கள்

குடும்பத்தால் எவ்வளவு முடியும், கடன் வாங்குவதானால் எந்த வரம்பு வரை, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பவற்றைப் பட்டியல் உருவாவதற்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். இடம் கிடைத்த பிறகு மறுப்பது, தொடக்கத்திலேயே வரம்பைச் சொல்வதைவிடப் பல மடங்கு வேதனை தரும். கணக்குப் போடும்போது ஓராண்டுக் கட்டணத்தை எடுக்காமல், பட்டம் முடியும்வரை ஆகும் கல்விக் கட்டணம், விடுதி, உணவு, பயணம், மடிக்கணினி அனைத்தையும் கூட்டுங்கள். உதவித்தொகை கிடைத்தால் அது எல்லா ஆண்டுக்கும் உரியதா, அதைத் தக்கவைக்க எத்தனை மதிப்பெண் வேண்டும், ஒரு செமஸ்டர் சறுக்கினால் திரும்பப் பெற வழியுண்டா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

படி 3: பாடத்திட்டத்தை வரிவரியாகப் படியுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் துறைப் பக்கத்திலிருந்தும் செமஸ்டர்வாரியான பாடத்திட்டத்தைத் தரவிறக்கி, அச்சிட்டு, அருகருகே வைத்துக்கொள்ளுங்கள். முதலாண்டுப் பாடங்கள் பெரும்பாலும் எங்கும் ஒன்றுபோலவே இருக்கும்: கணிதம், இயற்பியல், அறிமுக நிரலாக்கம். அவற்றை ஒப்பிட்டுக் களைக்க வேண்டியதில்லை.

இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் டிஜிட்டல் லாஜிக் (டிஜிட்டல் வடிவமைப்பின் அடிப்படை), கணினிக் கட்டமைப்பு, மின்சுற்று, சிக்னல்கள், இயக்க முறைமை, வலையமைப்பு, எம்பெடட் சிஸ்டம் ஆகிய ஏழும் கட்டாயப் பாடங்களா, விருப்பப் பாடங்களா என்று குறியுங்கள். விருப்பப் பாடம் என்று அச்சிட்டிருந்தாலே அது நடக்கும் என்று பொருளல்ல. ஆசிரியர் இல்லாமையாலோ மாணவர் எண்ணிக்கை குறைவதாலோ சில பாடங்கள் ஆண்டுக்கணக்கில் ஏட்டில் மட்டுமே இருக்கும். சென்ற இரண்டு மூன்று ஆண்டுகளின் கால அட்டவணை பொதுவெளியில் இருந்தால், அந்தப் பாடங்கள் உண்மையில் நடந்தனவா என்று பிள்ளையே சரிபார்க்கலாம்.

அடுத்து, ஒவ்வொரு பாடத்திலும் மாணவர் கையால் எதைச் செய்கிறார் என்று பாருங்கள். டிஜிட்டல் வடிவமைப்புப் பாடத்தில் வெரிலாக் அல்லது விஎச்டிஎல் (சுற்றுகளை விவரிக்கும் மொழிகள்) எழுதி, அதை எஃப்பிஜிஏ பலகையில் (உள்ளிருக்கும் சுற்றை விரும்பியபடி மாற்றியமைக்கக்கூடிய சில்லு கொண்ட பலகை) ஏற்றி இயக்குகிறார்களா, அல்லது தாளில் சுற்று வரைவதோடு முடிந்துவிடுகிறதா? கணினிக் கட்டமைப்பில் சிறிய செயலி ஒன்றை மாணவரே வடிவமைக்கிறாரா? 2010-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியை (செயலி புரிந்துகொள்ளும் அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பு) யாரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்பதால், இப்படியொரு பயிற்சியை வைக்கப் பணமில்லை என்று எந்தத் துறையும் எளிதில் சொல்லிவிட முடியாது. இயக்க முறைமைப் பாடத்தில், எம்ஐடி கற்பித்தலுக்கென்றே உருவாக்கி வெளியிட்ட எக்ஸ்வி6 போன்ற சிறிய இயக்க முறைமையின் உள்ளே கைவைத்து மாற்றுகிறார்களா, அல்லது வரையறைகளை எழுதித் தேர்வு முடிக்கிறார்களா? பாடத்தின் பெயர் இரண்டு இடங்களிலும் ஒன்றாகவே இருக்கும். வெளியே வருகிற பொறியாளர்கள் ஒன்றாக இருக்க மாட்டார்கள்.

பழைய வினாத்தாள்களும் பயிற்சித் தாள்களும் கிடைத்தால் இது இன்னும் எளிது. "வரையறு", "வேறுபடுத்துக" என்ற வினாக்களே நிறைந்த தாளும், சுற்றையோ நிரலையோ கொடுத்துப் பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்லும் தாளும் தங்கள் துறைகளைப் பற்றி எந்தக் கையேட்டையும்விட நேர்மையாகப் பேசும். பெரியவர்கள் உள்ளடக்கம் புரியாவிட்டாலும் வினாக்களின் வகையைக் கண்டுகொள்ளலாம்.

படி 4: அந்தத் துறைக்குள் நுழையும் வழியைக் கேளுங்கள்

சில பல்கலைக்கழகங்களில் சேரும்போதே கணினிப் பொறியியலில் இடம் உறுதி. வேறு சிலவற்றில் முதலாண்டு அனைவருக்கும் பொது. அதன் மதிப்பெண்ணைப் பொறுத்தே துறை ஒதுக்கப்படும். இரண்டாவது முறை கெட்டதல்ல, இன்னும் மனம் தெளியாத பிள்ளைக்கு அது நல்லதும்கூட. ஆனால் முதலாண்டு முழுவதையும் போட்டித் தேர்வின் மனநிலையில் கழிக்கப் பிள்ளை தயாரா, விரும்பிய துறை கிடைக்காவிட்டால் எந்தத் துறையை ஏற்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை வேண்டும். கணினித் துறைக்குள் பிற்பாடு மாறிக்கொள்ளலாம் என்ற வாய்மொழி உறுதியை மட்டும் நம்பிச் சேராதீர்கள். பலரும் விரும்பும் துறைக்கு மாறுவதே எங்கும் கடினம்.

படி 5: அங்கீகாரத்தைச் சரிபாருங்கள்

பொறியியல் அங்கீகாரம் பெரும்பாலும் பல்கலைக்கழகம் முழுமைக்கும் தரப்படுவதில்லை. குறிப்பிட்ட படிப்புக்கு, குறிப்பிட்ட காலத்துக்குத் தரப்படுகிறது. ஒரே வளாகத்தில் மின் பொறியியலுக்கு இருக்கும் அங்கீகாரம் கணினிப் பொறியியலுக்கு இல்லாமல் போகலாம். 1989-இல் ஆஸ்திரேலியா, கனடா, அயர்லாந்து, நியூசிலாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் செய்துகொண்ட வாஷிங்டன் உடன்பாடு, ஒரு நாட்டில் அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகள் கல்வித்தகுதியாக ஏற்க வழிவகுத்தது. பின்னர் மேலும் பல நாடுகள் அதில் சேர்ந்தன. பிள்ளை பிற்காலத்தில் வேறு நாட்டில் உரிமம் பெற்ற பொறியாளராக வேண்டும் என்று எண்ணினால் இதைப் பார்த்தே ஆக வேண்டும். மென்பொருள் நிறுவனங்களில் வேலைக்குச் செல்வதே நோக்கமென்றால் இதன் எடை குறைவு. எப்படியானாலும், அங்கீகாரத்தைப் பல்கலைக்கழக விளம்பரத்தில் பார்க்காமல் அங்கீகரிக்கும் அமைப்பின் இணையப் பட்டியலில் பாருங்கள்.

படி 6: தரவரிசையின் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்த 2003-இல் தொடங்கிய ஷாங்காய் தரவரிசையில், நோபல் பரிசும் ஃபீல்ட்ஸ் பதக்கமும் (கணிதத்துக்கான உயரிய விருது) பெற்ற முன்னாள் மாணவர்களுக்கு 10 விழுக்காடும், அவற்றைப் பெற்ற ஆசிரியர்களுக்கு 20 விழுக்காடும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. கணினிப் பொறியியலுக்கென நோபல் பரிசே கிடையாது. கியூஎஸ் என்ற இன்னொரு உலகத் தரவரிசையில் மிகப் பெரிய பங்கு, பிற கல்வியாளர்களிடம் கருத்துக் கேட்டுப் பெறும் நற்பெயர் மதிப்பீட்டுக்கு உரியது. சிஎஸ்ரேங்கிங்ஸ் என்ற தளம் கணினி அறிவியல் மாநாடுகளில் ஆசிரியர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளைக் கணக்கிடுகிறது. முனைவர் பட்டம் தேடுபவருக்கு மிகவும் பயன்படும் அந்தக் கணக்கு, இரண்டாமாண்டு மாணவருக்கு ஆய்வகத்தில் யார் உதவுவார் என்பதைச் சொல்லாது. ஆகவே 40-ஆம் இடத்துக்கும் 70-ஆம் இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 7: வேலைவாய்ப்புப் புள்ளிவிவரத்தைப் பிரித்துப் பாருங்கள்

சராசரிச் சம்பளம் என்று அச்சிட்டிருந்தால் உடனே இடைநிலை எண்ணை (எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் தொகை) கேளுங்கள். பத்து மாணவர்களில் ஒன்பது பேருக்கு 5 அலகும், ஒருவருக்கு 55 அலகும் சம்பளமாகக் கிடைத்தால் சராசரி 10 அலகு வரும். அந்தத் தொகையை அவர்களில் ஒருவர்கூடப் பெறவில்லை. வரிசையின் நடுவில் நிற்பவருடைய 5 அலகுதான் உங்கள் பிள்ளை எதிர்பார்க்கத்தக்க நிலவரம். கணக்கில் சேர்க்கப்பட்டவர்கள் படித்து முடித்த அனைவருமா, வேலைக்குப் பதிவு செய்தவர்கள் மட்டுமா, வேலை கிடைத்தவர்கள் மட்டுமா என்பதையும் கேட்க வேண்டும். கணினிப் பொறியியலைப் பொறுத்தவரை இன்னொரு கேள்வியும் உண்டு: சிப் வடிவமைப்பு, எம்பெடட் சிஸ்டம் போன்ற வேலைகளுக்கு நிறுவனங்கள் வருகின்றனவா, அல்லது வருபவை எல்லாம் எந்தத் துறையிலிருந்தும் ஆள் எடுக்கும் நிறுவனங்களா? படிப்பினூடே இன்டர்ன்ஷிப்புக்கு நேரம் ஒதுக்கப்பட்டிருப்பது பெரிய அனுகூலம். வாட்டர்லூவின் பொறியியல் படிப்புகளில் பாட செமஸ்டர்களும் நிறுவனப் பணி செமஸ்டர்களும் மாறி மாறி வருவதை இதற்கு முன்மாதிரியாகக் கொள்ளலாம்.

படி 8: அங்கே படிப்பவர்களிடம் பேசச் சொல்லுங்கள்

பேச வேண்டியவர் பிள்ளை; நீங்கள் அருகில் இருந்தால் போதும். மூன்றாமாண்டு மாணவர்களைத் தேடுங்கள், ஏனெனில் அவர்களுக்கு முதலாண்டின் மயக்கமும் இருக்காது, இறுதியாண்டின் வேலை தேடும் பதற்றமும் இருக்காது. "கல்லூரி நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்ற விடையே வரும். எஃப்பிஜிஏ பலகை ஒன்றுக்கு எத்தனை பேர், வகுப்பு முடிந்த பிறகு ஆய்வகம் திறந்திருக்குமா, கடந்த செமஸ்டரில் அதிகம் பேர் தோற்ற பாடம் எது, தோற்றவர்களுக்கு என்ன உதவி கிடைத்தது என்று கேளுங்கள். ரோபோவோடு சிரிக்கும் மாணவர் படம் எல்லாக் கையேடுகளிலும் இருக்கிறது. அந்த ரோபோவைத் தொட எத்தனை பேருக்கு அனுமதி என்பது இப்படிக் கேட்டால்தான் தெரியவரும். நேரில் போக முடிந்தால், வேலைநாள் மாலையில் போய் ஆய்வகத்தில் ஆள் இருக்கிறார்களா என்று பார்ப்பது நல்லது.

படி 9: கழித்துக்கொண்டே வந்து முடிவெடுங்கள்

ஒவ்வொரு தலைப்புக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டும் அட்டவணையை நான் பரிந்துரைப்பதில்லை. அதில் ஆய்வகமே இல்லாத துறைகூட அழகான வளாகத்துக்கும் விடுதிக்கும் மதிப்பெண் வாங்கி முன்னேறிவிடும். அதற்குப் பதிலாகக் கழிக்கும் முறையைக் கையாளுங்கள்: படி 2-இல் சொன்ன வரம்பைத் தாண்டியவற்றை முதலில் நீக்குங்கள், பிறகு படி 3-இல் குறித்த ஏழு பாடங்களில் இரண்டு மூன்று இல்லாதவற்றை நீக்குங்கள், பிறகு துறையில் இடம் உறுதியில்லாதவற்றைப் பற்றிப் பிள்ளையின் துணிவைக் கேட்டு முடிவு செய்யுங்கள். எஞ்சி நிற்கும் ஒன்றிரண்டும் உங்கள் பார்வையில் சமமாகவே இருக்கும். அவற்றுள் எது என்பதைப் பிள்ளை தன் விருப்பப்படி தேர்ந்தெடுக்கட்டும். நண்பர் சேர்கிறார் என்பதோ ஊர் பிடித்திருக்கிறது என்பதோ அந்தக் கட்டத்தில் தாராளமாகக் காரணமாகலாம்.

முன்பணம் கட்டுவதற்கு முன் கடைசித் தேதியையும், விலகினால் பணம் திரும்பக் கிடைக்கும் விதியையும் படித்துவிடுங்கள். சேரும் ஆண்டின் பாடத்திட்டத்தையும் மதிப்பெண் விதிமுறைகளையும் ஒரு பிரதி எடுத்து வைப்பதும் அவசியம். பல பல்கலைக்கழகங்களில் சேர்ந்த ஆண்டின் விதிமுறையே பட்டம் வரை பொருந்தும், இணையப் பக்கத்திலோ அடுத்த ஆண்டே அதை மாற்றிவிடுவார்கள்.