வயர்மேனை மொட்டைமாடி சோலார் வேலைக்குத் தயார்செய்வது எப்படி?

2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் வீட்டு சோலாருக்கு ரூ.78,000 மானியம் உண்டு. ஆர்டர் பிடிப்பதைவிட, மாட்டத் தெரிந்த ஆளைப் பிடிப்பதுதான் சிரமம். வீட்டு வயரிங்கில் கைதேர்ந்த வயர்மேனைப் பழக்குங்கள். அவருக்குத் தெரியாதது பெரும்பாலும் பேனலிலிருந்து வரும் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) பக்கம்தான். பயிற்சி நேரத்தில் பாதியை அதற்கே ஒதுக்குங்கள்.

வீட்டுக்கு வரும், திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால், இணைப்பைப் பிரிக்கும்போது எழும் மின்பொறி சீக்கிரம் அணையும். டிசியில் அது நின்று எரியும். ஏசிக்கான எம்சிபியை (தானே அணையும் பிரேக்கர்) டிசி பெட்டியில் போடக்கூடாது என்பதும் இதனால்தான். 540 வாட் பேனலின் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் (எதிலும் இணைக்காதபோது உள்ள வோல்டேஜ்) ஏறக்குறைய 50. ஆறு பேனலைத் தொடராக இணைத்தால் 300 வோல்ட். மெயினை அணைத்தாலும் வெயில் உள்ளவரை அது இருக்கும். எனவே முதலில் ஏசி பிரேக்கர், அடுத்து டிசி ஐசோலேட்டர் (டிசி பக்கத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணைப்பது, பிறகு கேபிளைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் ஓட்டம் பூஜ்யமா என்று பார்ப்பது, அதன்பின்தான் கனெக்டரைப் பிரிப்பது. இந்த வரிசை வாயில் அல்ல, கையில் பழக வேண்டும். மீட்டர் டிசி அளப்பதாக இருக்கட்டும். வீட்டு வேலைக்கு வைத்திருக்கும் ஏசி கிளாம்ப், 12 ஆம்பியர் டிசி ஓடும் கேபிளிலும் பூஜ்யம் காட்டிவிடும்.

அடுத்து, பேனல் கேபிள்களை இணைக்கும் எம்சி4 கனெக்டர். ஆளுக்குக் குறைந்தது இருபது போடவையுங்கள். 4 சதுர மி.மீ. சோலார் கேபிளில் 6 முதல் 8 மி.மீ. உறையை, ஒரு இழைகூட அறுபடாமல் உரிக்க வேண்டும். கிரிம்ப் செய்ய (உலோக முனையைக் கம்பியோடு அழுத்திப் பிடிக்கவைக்க) அதற்கான கருவிதான். கட்டிங் பிளேயரால் நசுக்கினால் பிடி தளர்ந்து, சூடேறி, சில மாதங்களில் பிளாஸ்டிக் உருகும். உள்ளே தள்ளும்போது 'டிக்' சத்தம் கேட்டதும் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவர் போட்டதிலும் இரண்டை அறுத்துக் காட்டுங்கள். தவறு கண்ணால் தெரிந்தால்தான் திருந்தும். ஒரு கம்பெனியின் ஆண் கனெக்டரை வேறு கம்பெனியின் பெண் கனெக்டரோடு இணைக்கவே கூடாது. பொருந்துவதுபோல் தோன்றும், தீப்பிடிக்கும் இடம் அதுதான்.

கணக்கில் ஒன்று போதும். டிசியை ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டரின் உச்ச டிசி வோல்டேஜ் 600 என்றால் 50 வோல்ட் பேனல் எத்தனை தொடராக இணைக்கலாம்? எல்லோரும் 12 என்பார்கள். ஊட்டியில் விடியற்காலை 5 டிகிரியில் வோல்டேஜ் சுமார் 5 சதவீதம் கூடி 630 ஆகும், இன்வெர்ட்டர் போய்விடும். 11-ஓடு நிறுத்த வேண்டும்.

மாடியில் காலை 9, மதியம் 12, மாலை 3 மணிக்குத் தண்ணீர் டேங்கின் நிழலைச் சாக்பீஸால் வரையச் சொல்லுங்கள். வருடத்தின் பெரும்பகுதி நண்பகல் நிழல் வடக்கே விழுவதால், டேங்குக்குத் தெற்கே இடமிருந்தால் அதுவே நல்லது. மார்கழியில் நிழல் இன்னும் நீளும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பேனல் ஒன்று 28 கிலோ வரும். இருவர் தூக்க வேண்டும், காற்றடித்தால் தூக்கவே வேண்டாம். கைப்பிடிச்சுவர் இல்லாத மாடியில் முழு உடல் பெல்ட்டை உறுதியான பிடிமானத்தில் மாட்டாமல் யாரையும் ஏற்றாதீர்கள்.

தனியே விடுமுன் ஒரு ஸ்ட்ரிங்கை (தொடராக இணைத்த பேனல் வரிசை) அவரே சோதிக்கட்டும்: துருவம் சரியா, வோல்டேஜ் கணக்கோடு ஒத்துப்போகிறதா, 500 வோல்ட் மெகரில் (மின்கசிவைக் காட்டும் இன்சுலேஷன் மீட்டர்) குறைந்தது 1 மெகாஓம் வருகிறதா, எர்த் 5 ஓமுக்குள் இருக்கிறதா. பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் (மின்வாரிய லைனோடு இணைந்த) சோலார் கரண்ட் போனால் நின்றுவிடும் என்பதை வீட்டுக்காரருக்கு விளக்கவும் பழக்குங்கள். லைன்மேன் உயிரைக் காப்பதற்காகவே இன்வெர்ட்டர் அப்படி நிற்கிறது.