அம்பாசடரின் பின்பக்க ஸ்பிரிங்கை மாற்றும்போது கடைசி முறுக்கு தரையில்தான்

அம்பாசடர் காரின் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் (அடுக்கிய எஃகுப் பட்டைகள்), முன்பக்கம் டார்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி). இது பின்பக்கத்துக்கான குறிப்பு.

ஒரு பட்டை உடைந்திருந்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கலாம். ஷாக் அப்சார்பரையும் ஜோடியாகவே மாற்றுங்கள். துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவிடுங்கள். சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு, ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஆக்சிலை இறக்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் தவறவிடுவது இதைத்தான்: ஸ்பிரிங் நுனி வளையத்தில் ரப்பர் புஷ் (உறை) வழியாகப் போகும் கண் போல்ட்டையும், ஸ்பிரிங்கின் பின்நுனியை வண்டியோடு இணைக்கும் ஷாக்கிளின் நட்டுகளையும் வண்டி தூக்கியிருக்கும்போதே இறுக்கிவிடக் கூடாது. சக்கரம் தொங்கும் நிலையில் புஷ் பிடிபட்டுவிடும்; கீழே இறக்கியதும் ரப்பர் முறுகும். என் வண்டியில் புது புஷ் சில மாதத்திலேயே கிழிந்து, பள்ளத்துக்குப் பள்ளம் கிரீச்சென்றது இதனால்தான். கையால் முடுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, பின்பக்கத்தை நாலைந்து தடவை அழுத்திவிட்டு, அப்புறம் முழுசாக இறுக்குங்கள்.

ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளை 100 கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி இறுக்கிப் பாருங்கள். அநேகமாகக் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.